காதில் விழாத வரைக்கும்

போன் அடித்தபோது குற்றாலிங்கம் ஆள் எண்ணிக்கொண்டிருந்தான். நகோயா ஸ்டேஷனின் மேற்கு வாசலில் வாடகை பஸ் நிற்கிறது. டிரைவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே தமிழ்நாட்டில் பாதி ஜில்லா ஏறி, தொப்பியும் மஃப்ளருமாக, யாருக்கு ஜன்னல் சீட்டு என்று அடித்துக்கொண்டிருக்கிறது. வருஷம் பிறந்ததும் வருகிற முதல் சனிக்கிழமை தமிழ்க் குடும்பங்களெல்லாம் சேர்ந்து மலைப்பக்கம் பனி பார்க்கப் போவது வழக்கம். இந்த வருஷம் சங்கத்துக்குச் செயலாளர் அவன், ஆகவே எண்ணுகிற வேலை அவன் தலையில். ஒரு குழந்தை சீட்டு மாறி உட்கார்ந்ததில் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். கோட்டின் உள்பைக்குள், சரியாக நெஞ்சுக்கு மேலே, அது நடுங்கியது. பாதி வெளியே இழுத்துப் பார்த்தான். மதினி. அந்தப் பெயரை மட்டும்தான் பார்த்தான். சூடுபட்டவன்போல உள்ளே தள்ளி, கோட்டுப் பித்தானைப் போட்டு, மஃப்ளரையும் அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். "என்ன செக்ரெட்டரி சார், எண்ணி முடிச்சாச்சா, இல்ல நாங்க ஒவ்வொருத்தரா உள்ளேன் ஐயா சொல்லணுமா?" என்று பின்சீட்டிலிருந்து ஜெயசீலன் கத்தினான். பஸ்ஸே சிரித்தது, அவனும் சிரித்தான். எல்லாரும் வந்தாயிற்று என்று டிரைவரிடம் சொன்னான். வந்தாயிற்றா என்று அவனுக்கே தெரியாது. ஊரில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். அந்த நேரத்தில் நல்ல சேதி சொல்ல யாராவது போன் போடுவார்களா? பால்காரன்கூட வந்திருக்க மாட்டான்.

அதுவும் மதினி. அண்ணாச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கொழுந்தனிடம் நேராக நாலு வார்த்தை பேசியவள் இல்லை. சோறு போடும்போதுகூட "தம்பிக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க" என்று அண்ணாச்சியிடம்தான் சொல்லுவாள். அவன் பக்கத்திலேயே இலை முன்னால் உட்கார்ந்திருப்பான். அண்ணாச்சி, "ஏலே, மதினி ரசம் வேணுமான்னு கேக்காக" என்பார். "போதும்னு சொல்லுங்க" என்பான் இவன். இப்படி ஒரு குடும்பம். அவள் தன் போனிலிருந்து இவன் நம்பருக்குத் தானாகவே அடிக்கிறாள் என்றால் நடுவில் நின்று சொல்லுவதற்கு ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? அந்த ஆள் இல்லை. குற்றாலிங்கம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி சங்கரநயினார் ஒரு மாதமாகத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சளி என்று ஆரம்பித்து, நுரையீரல் பஞ்சாகிவிட்டது என்று சொல்லி, மூக்கில் மாஸ்க்கும் சிலிண்டருமாகப் படுக்கையாகிவிட்டது. தென்காசி டிப்போவில் கண்டக்டராக இருந்த ஆள். நின்றபடியே ஒரு ஆயுசு போனவர், படுக்கச் சொன்னால் எப்படிப் படுப்பார்? வியாழக்கிழமை பேசியபோது, உடனே வந்துவிடுகிறேன் என்று இவன் சொன்னதற்கு மாஸ்க்கைத் தூக்கிவிட்டுத் திட்டினார். "எத்தன பேரக் கூட்டிக்கிட்டுப் போற? பஸ்ஸ நடுவழியில விட்டுட்டு எறங்குதவன் கண்டக்டரே கெடையாதுலே. நல்லபடியாப் போயிட்டு, திங்கக்கிழம ஏறு. நான் எங்க ஓடிறப் போறேன்?" டிக்கெட் திங்கட்கிழமைக்குத்தான் இருக்கிறது. இன்று சனி. நடுவில் ஞாயிறு என்று ஒரு நாள்தான் இருக்கிறது. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா அண்ணாச்சி என்று மனசுக்குள் கேட்டான். கேட்டவுடன் உடம்பெல்லாம் கூசியது. பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாரோ என்னவோ. யார் சொன்னது இல்லையென்று? ஒருத்தரும் சொல்லவில்லை. அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

விழவில்லை என்பதுதான் விஷயம். பஸ் நகரத்தைத் தாண்டி உயரப் பாலத்தில் ஏறியது, இடதுபக்கம் தொழிற்சாலைப் புகைபோக்கிகள், வெயில் இருந்தது ஆனால் சூடு இல்லை. அவன் கண்ணுக்கு முன்னால் கோயம்புத்தூர் ஹாஸ்டல் மெஸ் வந்து நின்றது. எஞ்சினீயரிங் இரண்டாம் வருஷம். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், காக்கிச் சட்டையோடு அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். "சும்மா இந்தப் பக்கம் டூட்டி" என்கிறார். தென்காசி வண்டிக்குக் கோயம்புத்தூரில் என்ன டூட்டி என்று கேட்கத் தோன்றவில்லை, பத்தொன்பது வயதில் என்ன தோன்றும்? "சாப்பிட்டு முடி, பொறவு பேசலாம்" என்று எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். இவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் எழுந்திருக்கப் போகையில், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்க" என்று அவரே வாளிக்காரரைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னார். மோரும் குடித்துக் கை கழுவி வந்த பிறகு, குழாயடியில் வைத்து, தோளில் கையைப் போட்டு, "அப்பா போயிட்டாகலே" என்றார். முந்தின நாள் ராத்திரியே போய்விட்டார் அப்பா. அப்போது கோபம் வந்தது, சிரித்துப் பேசிக்கொண்டு ரசத்தை ஊற்றவிட்டாரே என்று. அப்புறம்தான் புரிந்தது. கேட்டுவிட்டால் சாப்பிட முடியாது. கேட்டுவிட்டால் குளிக்க வேண்டும், கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. ஊரில் பெரிய மாமா தலையை ஆட்டிச் சொன்னார்: தூரத்தில் இருக்கிறவனுக்கு, காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. அதற்கு முன்னால் சாப்பிட்டது, சிரித்தது, சாமி கும்பிட்டது எதுவும் கணக்கில் வராது. அந்த மத்தியானம் முழுக்க அப்பா அவனுக்கு உயிரோடுதான் இருந்தார். அண்ணாச்சி டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மாதிரி அரை மணி நேரத்தை அவனுக்காகக் கிழித்துக் கொடுத்திருந்தார். இப்போது அவருக்கு அவன் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஒரு நாள். பனியைப் பார்த்து, ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பேசுவான். அதுவரைக்கும் அவன் புண்ணியத்தில் அண்ணாச்சி இருக்கட்டும். கோயில் குளத்தை எல்லாம் கேலி பேசித் திரிந்தவன், பம்பு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அழுத்தமும் வெப்பமும் அளக்கிறவன். அவன் மூளை இப்படி ஒரு கணக்குப் போட்டது, போட்ட கணக்கில் தப்பே தெரியவில்லை.

மலைக்குள் நுழைந்ததும் சுரங்கப்பாதைகள் வர ஆரம்பித்தன. ஒன்று முடிந்து கண் கூசி மூடுவதற்குள் இன்னொன்று. சுரங்கத்துக்குள் போன் எடுக்காது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை, ஒவ்வொன்றிலும் நுழையும்போது நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. பின்னால் பாட்டுக்குப் பாட்டு நடந்துகொண்டிருந்தது, பெண்கள் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தது. "ஆம்பளைங்க கட்சிக்கு 'ழ'வுல பாட்டு குடுத்தா நியாயமா?" என்று ஜெயசீலன் வழக்காடினான். அந்த நேரத்தில், பாதிச் சுரங்கத்தில், அது மறுபடி நடுங்கியது. ஜப்பான்காரன் சுரங்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி, அங்கேயும் கம்பியை இழுத்து வைத்திருக்கிறான். நெஞ்சின்மேல் ஒரு வண்டு புகுந்துகொண்டு வெளியே வரத் தெரியாமல் அலைகிற மாதிரி இருந்தது. நிற்கிறதா என்று பார்த்தான். நிற்கவில்லை. நின்றது. பக்கத்தில் இருந்த வடிவு, அவன் மனைவி, திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, போன் அடிக்குதே?" "ஆபீஸ்." "சனிக்கெழமகூட விட மாட்டானா? எடுத்து ரெண்டு வார்த்த நல்லாக் கேளுங்க." "கேக்கேன், கேக்கேன்." வடிவு தன் போனை வீட்டிலேயே சார்ஜில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். பஸ் ஏறினதும் அதற்காக அரைமணி நேரம் தன்னையே திட்டிக்கொண்டாள். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் வந்திருந்தால் எடுத்திருப்பாள், எடுத்த மாத்திரத்தில் ஓவென்று அழுதிருப்பாள், பஸ்ஸே நின்றிருக்கும், பாட்டு நின்றிருக்கும், எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டு கையைப் பிடித்திருப்பார்கள், அண்ணாச்சி செத்திருப்பார். இரண்டாவது தடவை ஏன் அடிக்கிறார்கள்? பாடி எடுக்கிற நேரம் கேட்கவா? அண்ணாச்சிக்கு ஒரே மகள், ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் கொள்ளி வைக்க வேண்டியது யார்? இவன்தான். இவன் வருகிறானா, ஐஸ் பெட்டி சொல்லவா, காத்திருக்கவா என்று அங்கே வீடு நிறைய ஆள் வைத்துக்கொண்டு தவிக்கிறார்களோ? சீச்சீ, என்ன நினைப்பு இது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஐஸ் பெட்டியா? வாயைத் திறந்து 'ழ'வுக்கு ஒரு பாட்டை யோசித்தான், ஒன்றும் வரவில்லை.

கடைசிச் சுரங்கத்தைத் தாண்டினதும் வெளியே எல்லாம் வெள்ளை. கூரை, வேலி, நிறுத்தி வைத்த டிராக்டர், ஒன்றையும் விடவில்லை. பஸ்ஸுக்குள் "ஓ..." என்று ஒரு பெருமூச்சு கிளம்பியது. முன்சீட்டில் இருந்த ஹருயோ-சான் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்தாள், பனியைத் தானே செய்து கொண்டுவந்து இறக்கின மாதிரி ஒரு பெருமை. பேட்டைச் சமுதாயக் கூடத்தில் புதன்கிழமைதோறும் தமிழ்ப் பெண்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறவள். சம்பளம் கிடையாது, சாம்பார்தான். எழுபதைத் தொடப் போகிறவள், ஒரு வருஷம் தவறாமல் இவர்களோடு பனி பார்க்க வருவாள். காலையில் பஸ் ஏறும்போது அவன் குனிந்து, புது வருஷ வாழ்த்துகள் என்று முறையாகச் சொன்னான். அவள் அந்த வாழ்த்தை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. "இந்த வருஷமும் தயவு இருக்கட்டும்" என்று பின்பாதியை மட்டும் சொல்லிக் குனிந்தாள். ஏனென்று அப்போது மின்னல்மாதிரி ஒன்று தோன்றி மறைந்தது, போன் வந்ததில் மறந்துபோனான். இப்போது அவள் தன் பின்னலுறை போட்ட விரலால் ஜன்னலைக் காட்டினாள்: "குத்தா-சான், விழ ஆரம்பித்துவிட்டது." விழுந்துகொண்டுதான் இருந்தது. பஞ்சு பிய்ந்தாற்போல, அவசரம் இல்லாமல். பதினெட்டு வருஷமாக அண்ணாச்சி கேட்கிற ஒரே சாமான். "கெடக்குத பனிய எனக்கு அனுப்பாதலே, அது ஃப்ரிட்ஜுலயே இருக்கு. விழுத பனியக் காட்டு. அது விழுதப்ப எனக்குப் போனப் போட்டு, நேராக் காட்டு." அவர் கேட்கிறபோதெல்லாம் நகோயாவில் வெயில் அடிக்கும். பனி விழுகிறபோது அவர் டூட்டியில் இருப்பார், அல்லது ஊரில் கரெண்டு இருக்காது, அல்லது இவன் மீட்டிங்கில் இருப்பான். "உங்க ஜப்பான்ல பனியே கெடையாதுலே, நீ புளுகுத" என்று முடித்துவிடுவார். இன்று காட்டலாம். போனை எடுத்தால் காட்டலாம். எடுத்தால் பார்க்க அவர் இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் இருக்கிறார். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு, கிணற்று உருளையில் கயிறு சிக்கின மாதிரி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு தங்குமடம், அங்கே சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். வாடகைக்கு எடுத்த பெரிய அறையில் பாய் விரித்திருந்தது, கண்ணாடிச் சுவருக்கு வெளியே பனி. பெண்கள் டப்பாக்களைத் திறந்தார்கள். புளியோதரை, உருளைக்கிழங்கு, தயிர்சாதம், நார்த்தங்காய். திறந்த மாத்திரத்தில் அறை முழுக்கப் பெருங்காய வாசனை. ஹருயோ-சான் கண்ணை மூடி மோந்துவிட்டுக் கைகூப்பினாள். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது மூன்றாவது தடவை. இந்தத் தடவை நிதானமாக அடித்தது. நிறுத்தி நிறுத்தி. யாரோ வாசலில் நின்றுகொண்டு, வீட்டில் ஆள் இருக்கிறது தெரிந்தும் சத்தம் போடாமல் கதவைத் தட்டுகிற மாதிரி. அவன் சாப்பிட்டான். கேட்டுவிட்டால் சாப்பிட முடியாது. மென்றானா விழுங்கினானா தெரியாது, தட்டு காலியாயிற்று. "உருளைக்கெழங்கு போடட்டுமா?" என்று வடிவு கேட்டாள், தலையை ஆட்டினான், போட்டாள், அதையும் சாப்பிட்டான். நெஞ்சுக்குள் அது நடுங்கிக்கொண்டே இருக்க, அதன்மேல் சோறு இறங்கிக்கொண்டே இருந்தது. அழுகை வந்தது, மிளகாய் என்று கண்ணைத் துடைத்தான். எதிரே அண்ணாச்சி காக்கிச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கொஞ்சம் ரசம் ஊத்திக்கலே. போன் நின்றுவிட்டது. நின்றதும் சத்தம் போனதே தவிர, நடுக்கம் போகவில்லை. அது போனா, தன் நெஞ்சா என்று சட்டைக்குமேல் கையை வைத்துப் பார்த்தான். வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது, காட்டுவதற்கு ஏதுவாக, துளிக் காற்று இல்லாமல்.

சாப்பிட்ட பிறகு மேலே இருக்கிற கோயிலுக்கு நடப்பது வழக்கம். புது வருஷத்துக்கு ஜப்பான்காரர்கள் எல்லாரும் போய்க் கைதட்டிக் கும்பிடுகிற கோயில், நம்மாட்களும் நம்ம சாமி என்றே நினைத்துக்கொண்டு கும்பிடுவார்கள். பிள்ளைகள் பனியை உருட்டி எறிந்துகொண்டு முன்னால் ஓடினார்கள். ஜெயசீலன் ஒன்றை ஓங்கி எறிய, அது அவன் முதுகில் விழுந்தது. "ஸாரி சார், உங்களக் குறி பாக்கல, வடிவக்காவத்தான் பாத்தேன்!" "ஏன், அக்கா முதுகுன்னா வலிக்காதா?" என்று வடிவு மேலேயிருந்து குரல் கொடுத்தாள். ஏறிக்கொண்டிருக்கும்போது நாலாவது தடவை வந்தது. வந்து உடனே நின்றுவிட்டது. முந்தின மூன்றும் கேட்டு நின்றன. இது சொல்லிவிட்டு நின்ற மாதிரி இருந்தது. ஏன் அப்படித் தோன்றிற்று என்று அவனுக்குத் தெரியாது, தோன்றிற்று. கால் கனத்தது. மரங்களுக்கு நடுவே கோயிலின் வாசல் தெரிந்தது. தோரீ என்று சொல்லுகிற, கதவும் சுவரும் இல்லாத, இரண்டு தூணும் மேலே இரண்டு கட்டையுமான சிவப்பு வாசல். அதன் தலையில் பனி ஒரு முழம் ஏறியிருந்தது. எல்லாரும் அதன் முன்னால் ஒரு தலை குனிந்துவிட்டு உள்ளே போனார்கள், வடிவும் போனாள், "குரூப் போட்டோவுக்கு சீக்கிரம் வாங்க" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவனும் போகலாம். கணக்குப்படி அவனுக்கு ஒரு தீட்டும் இல்லை. காதில் ஒன்றும் விழவில்லை. மாமாவே வந்து நின்றாலும் போ என்றுதான் சொல்லியிருப்பார். காலைத் தூக்கினான். கால் போகவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றது நின்றதுதான், அடித்துவைத்த முளை மாதிரி. மூளைக்குத் தெரியாததைக் கால் எங்கேயிருந்து கேட்டுக்கொண்டது? மறுபடி தூக்கினான். மறுபடியும் அங்கேயே வைத்தான்.

பக்கத்தில் பனியை மிதிக்கிற சத்தம். ஹருயோ-சான். அவளும் உள்ளே போகவில்லை. தூணுக்கு ஓரமாக, பிள்ளைகள் கழற்றி எறிந்த தொப்பிகளையும் யாரோ கொடுத்துவிட்டுப் போன கைப்பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் காலை இரண்டு தடவை தூக்கி வைத்ததையும் பார்த்திருக்கிறாள். "குத்தா-சான்" என்றாள் மெதுவாக, "உங்கள் வீட்டிலும் துக்கமா?" அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் வீட்டிலும்? அவள் அதற்குமேல் அவன் கேட்கும்படி வைக்கவில்லை, தானே சொன்னாள். தங்கை. கார்த்திகைக் கடைசியில். துக்க நாள் இன்னும் முடியவில்லை, முடிகிறவரைக்கும் இந்த வாசலுக்கு அடியில் போகக் கூடாது, வருஷ வாழ்த்தும் சொல்லக் கூடாது, வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. "பனி மட்டும் பார்க்கலாம். அதனால் வந்தேன்." காலையில் அவள் விழுங்கின அந்த முன்பாதி இப்போது அவனுக்கு விளங்கியது. இந்த ஊரிலும் அதே விதியா, இவ்வளவு தூரம் கடலைத் தாண்டி வந்து பதினெட்டு வருஷம் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதற்கு ஆம் என்று சொன்னால் பொய்யாகலாம், இல்லை என்று சொன்னாலும் பொய்யாகலாம். "தெரியாது" என்றான். அவள் சிரிக்கவில்லை, புருவத்தையும் தூக்கவில்லை. "அண்ணன். உடம்பு சரியில்லை. காலையிலிருந்து போன் வருகிறது. நான் எடுக்கவில்லை." ஜப்பானிய மொழியில் சொல்லும்போது அது ரொம்பச் சின்ன விஷயமாக இருந்தது, ஒரு குழந்தை செய்கிற காரியமாக. ஹருயோ-சான் கொஞ்ச நேரம் மேலே கட்டையில் ஏறியிருந்த பனியைப் பார்த்தாள். பிறகு, "குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தொப்பிகளை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

கையுறையைக் கழற்றினான். விரல் விறைத்து இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதாகத்தான் போயிற்று. மணி அடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"தம்பி" என்றாள் மதினி. நேராகவே கூப்பிட்டாள். "போயிட்டாக தம்பி. இப்பத்தான். கடேசியா உங்களுக்குப் போட்டேன் பாருங்க, அப்பம். இன்னும் கட்டில்லதான் கெடக்காக."

கடைசியாகப் போட்டது. அது அவன் மனசில் தட்டி நின்றது. "மதினி, காலைலேருந்து அடிச்சீங்களே?"

"அது நான் எங்க அடிச்சேன், அவுகல்லா அடிக்கச் சொன்னாக. காலம்பற அஞ்சு மணிக்கே நல்ல முழிப்பு. தெளிவாப் பேசுதாக. இன்னிக்கி நம்ம குத்தாலம் பனி பாக்கப் போறாம்லா, மூஞ்சி தெரியுத மாதிரி போனப் போடு, விழுதப்பக் காட்டச் சொல்லுன்னாக. நீங்க எடுக்கல. வண்டியில ஆள் எண்ணிக்கிட்டு இருப்பான், எண்ணுதப்ப கூப்புடக் கூடாது, பொறவு போடுன்னாக. பொறவு போட்டேன். அப்பமும் எடுக்கல." மதினி மூக்கை உறிஞ்சினாள். "மூணாந்தடவ நாந்தான் ஆத்த மாட்டாம, என்னங்க இது, தம்பி எடுக்கவே மாட்டேங்காகளேன்னேன். சாப்புட்டுக்கிட்டு இருப்பாம்ட்டி, விடு, சாப்புடட்டும்னாக. அதுக்குப் பொறவு பேசல தம்பி. அதான் கடேசி."

ஐயோ என்று வந்தது. சத்தமாகவே வந்தது, மரத்திலிருந்து கொஞ்சம் பனி பொலபொலவென்று உதிர்ந்தது. நெஞ்சுக்கு மேலே நடுங்கினது சேதி இல்லை, அவர். மூன்று தடவை அவரேதான். சாகவிடாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உயிரோடு இருந்தவரின் வாயைக் கோட்டுப் பித்தான் போட்டு மூடி, மஃப்ளரையும் சுற்றி வைத்திருந்தான். சாப்பிட்டான், உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு சாப்பிட்டான், கண்ணாடிக்கு வெளியே அவர் கேட்ட பனி விழுந்துகொண்டிருக்க. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். ஹருயோ-சான் திரும்பவில்லை, ஆனால் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வாசலுக்கு உள்ளேயிருந்து ஜெயசீலன், "செக்ரெட்டரி சார், போட்டோவுக்கு உங்க ஒருத்தர்தான் பாக்கி!" என்று கூப்பிட்டான். வடிவு என்னவோ கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வருகிற சத்தம் வந்தது. போனில் மதினி, "தம்பி, தம்பி, இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி" என்றான். "மூஞ்சி தெரியுத மாதிரி மாத்துங்க. அண்ணாச்சி பக்கம் திருப்பிப் பிடிங்க."

"என்ன தம்பி சொல்லுதிய?"

"திருப்புங்க மதினி."

கொஞ்ச நேரம் படம் ஆடியது, மின்விசிறி தெரிந்தது, பச்சைத் திரை தெரிந்தது, பிறகு நின்றது. அவனால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலேயே போனைத் தலைக்கு மேலே உயர்த்தி, வாசலைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே வானத்துக்கு நேராகப் பிடித்தான். கண்ணாடியில் பனி விழுந்து மறைத்தது, சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். இன்னொரு கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் யாரோ அழுது நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் மதினியின் குரல் கேட்டது. அவனிடம் பேசவில்லை, எப்போதும் பேசுகிற ஆளிடம்தான் பேசினாள்.

"ஏங்க, இந்தா பாருங்க. விழுது. தம்பி காட்டுதாக."